மல்லாட்டை விளையும் வீட்டில் பாமாயில்

எங்கள் கொல்லையில் விளைவது மல்லாட்டை. எங்கள் அம்மா சமைப்பது பாமாயிலில்.

ரேஷன் கடையில் மாதம் ஒரு பாக்கெட், லிட்டர் 25 ரூபாய். செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய் வீட்டில் இல்லாமல் இல்லை. சாமி அலமாரிக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது. நாங்கள் புதுச்சேரியிலிருந்து போகும் நாளில்தான் அது வெளியே வரும். இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றும்போது அம்மாவின் கை தாராளமாகத்தான் இருக்கும். நாங்கள் கிளம்பின அன்று ராத்திரியே வாணலியில் மறுபடி பாமாயில். கேட்டால், "விக்கிற பண்டத்த நாமளே தின்னா என்னா மிச்சம்?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை, வேர்க்கடலை என்பதை கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்ற சொல் வாயில் உருண்டு மல்லாக்கொட்டை ஆகி, அப்புறம் மல்லாட்டை ஆனது. கமிட்டி விலைப்பட்டியலில் இன்றைக்கும் 'மணிலா' என்றுதான் போடுகிறார்கள். கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். 1933-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின்படி மார்க்கெட் கமிட்டிகள் அமைந்தன. சட்டமும் பெயர்ப்பலகையும் மாறிவிட்டன, எங்கள் வாயில் கமிட்டி மட்டும் மாறவில்லை. செடி பிறந்தது தென் அமெரிக்காவில். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர்ப் பெயரைச் சுமந்துகொண்டு பண்ருட்டிச் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

போன சித்திரையில் கொடி பிடுங்கும் நாளில் ஊரில் இருந்தேன். முந்தின நாளே மோட்டார் போட்டு கொல்லையை நனைத்தாயிற்று. காய்ந்த செம்மண்ணில் இழுத்தால் கொடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கிவிடும். பிடுங்கிய கொடியைப் பலாமர நிழலில் குவித்து ஏழெட்டுப் பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்தாள். பருப்பைப் பார்க்கவில்லை, ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. காப்பிக் கறை படிந்த மாதிரி கறுத்திருந்தால் முற்றின காய். பத்து உடைத்ததில் ஏழு கறுப்பு. "இன்னும் நாலு நாள் உட்டிருக்கலாம். ஆளு கெடைக்கிற அன்னிக்குத்தான புடுங்கணும்" என்றாள்.

என் மகள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பி.காம் முதலாண்டு. 'வளரும் நாட்டின் பொருளாதாரத்தில் வேளாண்மையின் பங்கு.' ஐந்து பாயிண்ட்: உணவு தருகிறது, ஆலைக்கு மூலப்பொருள் தருகிறது, தொழிலுக்கு ஆள் தருகிறது, அந்நியச் செலாவணி தருகிறது, ஆலைப் பொருளுக்குச் சந்தை தருகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். ஐந்தும் சரி. ஆனால் நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிறவன். ஒரே பக்கம் மட்டும் எழுதின பேரேட்டைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஐந்து பாயிண்டிலும் வினைச்சொல் ஒன்றே: தருகிறது. வாங்கினவர் யார், பதிலுக்கு என்ன வந்தது என்ற பக்கம் காலியாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தை எங்கள் ஊர்ப் பயிரையே வைத்து எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மல்லாட்டைக்கு முன்னால் இங்கே பணப்பயிர் அவுரி. அதிலிருந்து எடுத்த நீலச்சாயத்தில் தோய்த்த பருத்தித் துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அந்த நீலத் துணியைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். துணி கிட்டத்தட்ட நாணயம் மாதிரி புழங்கியது. தென்னாற்காட்டில் அவுரி வெட்டினவருக்குத் தன் செடி எங்கே போய்ப் பணமானது என்று தெரிந்திருக்க வழியில்லை. 1897-ல் ஒரு ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரிக்கொல்லைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மல்லாட்டை அதற்குள் வேரூன்றிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் எண்ணெய்வித்து எவ்வளவு வந்தாலும் போதவில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து கடல்வழி சுருங்கியது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. விளைந்த நிலத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ்காரனுடையது, கப்பலேறிய துறை பிரெஞ்சுக்காரனுடையது. துறை என்றாலும் கப்பல் வந்து அணையும் ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும், மூட்டைகளைச் சலங்கு என்ற படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். இப்போது சாயங்காலம் காற்று வாங்கக் கூட்டம் நிற்கும் அந்தக் கடற்கரைதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விவரம். அப்போது உடைக்கிற மெஷின் கிடையாது. ஓடு சுலபமாகப் பிரிய வேண்டும் என்று காயை நனைத்துத் தடியால் அடிப்பார்கள். நனைந்த பருப்பு கப்பலின் புழுக்கத்தில் கிடந்து காறல் அடிக்கும். தின்கிற எண்ணெய்க்கு ஆகாது, சோப்புக்கு ஆகும். சோப்புக்கு என்றால் விலை குறைவு. எங்கள் பாட்டன்மார் அடித்த மல்லாட்டையில் ஒரு பங்காவது ஐரோப்பாவில் யாரோ கை கழுவப் போயிருக்கும்.

1890களின் கடைசியில் விதை நலிந்து, விளைச்சல் விழுந்து, சாகுபடியே சுருங்கிப்போனது. பயிரை மறுபடி தூக்கி நிறுத்தியது மொரீஷியஸிலிருந்து வந்த விதை. கடலூருக்குப் பக்கத்தில் பாலூரில் 1905-ல் தொடங்கிய ஆராய்ச்சிப் பண்ணையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். இப்போது அது காய்கறி ஆராய்ச்சி நிலையம்.

மொரீஷியஸ் என்றதும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கரையிலிருந்து ஆட்களும் அந்தப் பக்கம் ஏற்றுமதி ஆனார்கள். 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். மொரீஷியஸுக்குப் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு அதற்கு முன்பே போக ஆரம்பித்திருந்தார்கள். 1853-ல் கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவுக்குப் புதுச்சேரிக் கரையிலிருந்து முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 1861-ல் பிரிட்டிஷ் எல்லைக்குள்ளும் ஆள் பிடிக்க ஒப்பந்தம் ஆனது. போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகளும் பஞ்சத்தில் அடிபட்டவர்களும்தான். மகளின் மூன்றாவது பாயிண்ட், 'தொழிலுக்கு ஆள் தருகிறது', இங்கே இப்படித்தான் தொடங்கியது.

மார்டினிக்குக்கு அடுத்த தீவு செயின்ட் லூசியா. அங்கே பிறந்தவர் பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ். மகள் படிக்கும் பாடத்துக்கு ஒரு விதத்தில் அவர்தான் அப்பா. 1954-ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஏழை நாட்டு விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை வெளியே எடுத்தாலும் விளைச்சல் குறையாது, குறைந்த கூலிக்கு அவர்கள் ஆலைக்குப் போவார்கள், ஆலையின் லாபம் மறுபடி முதலாகி நாடு வளரும். 1979-ல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தியோடர் ஷுல்ட்ஸ் இதை ஒப்பவில்லை. 1918-19-ல் விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் மக்கள் செத்தார்களே, அந்த ஆண்டு விதைத்த பரப்பு குறைந்ததா இல்லையா என்று பார்த்தார். குறைந்திருந்தது. உபரி என்று சொன்ன கைகளுக்கு வேலை இருந்திருக்கிறது. விவசாயி ஏழை, ஆனால் கையில் உள்ளதை வைத்துக் கணக்காகத்தான் பயிர் செய்கிறான் என்பது ஷுல்ட்ஸ் கட்சி. என் ஓட்டு ஷுல்ட்ஸுக்கு. நாலு நாள் முன்னாலேயே கொடி பிடுங்கின எங்கள் கொல்லையைப் பார்த்திருந்தால் லூயிஸும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

இதையெல்லாம் ஏட்டில் எழுதினவர்கள் எங்கள் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறார்கள். கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். 1916-ல் மாணவர்களை விட்டுச் சில கிராமங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். அதில் ஒன்று இருவேல்பட்டு. அன்றைக்குத் தென்னாற்காடு, 1993-ல் மாவட்டம் பிரிந்த பிறகு விழுப்புரம். அதே ஊரை 1930களிலும் 1980களிலும் 2008-லும் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஒரு ஊருக்கு நூறு வருஷத்துப் பேரேடு இருப்பது அபூர்வம். முதல் கணக்கில் ஊரே பெரிய நிலக்காரர்களின் பிடியில். கடைசிக் கணக்கில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது, கூலிக் குடும்பங்கள் வெளிவேலையையும் ரேஷனையும் நம்பி நிற்கின்றன. விவசாயம் சுருங்கிவிட்டதே என்று கண்ணீர் விடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர் வீட்டுப் பிள்ளைக்கு விவசாயத்தை விட்டு வெளியே வந்தது விடுதலை. அதைச் சொல்லாமல் வயலின் அழகைப் பாடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, பணம் எங்கே போனது? ஜப்பானில் 1873-ல் நிலவரியைச் சீர்திருத்தி ரொக்கமாக வாங்க ஆரம்பித்தார்கள். அந்நாளைய அரசின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். விவசாயியைப் பிழிந்துதான் எடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காசு அந்த நாட்டிலேயே பள்ளிக்கூடமாகவும் ஆலையாகவும் திரும்பியது. சென்னை மாகாணத்திலும் அரசின் பெரிய வருமானம் நிலவரிதான், ரயத்துவாரி முறையில் பட்டாதாரரிடமே வாங்கினார்கள். அது போன வழி எல்லோருக்கும் தெரியும். மிச்சமாக நமக்குத் தங்கியது ஜமாபந்தி என்ற வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கையும் பசலியும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டு, அறுவடையைப் பார்த்து அரசு தன் கணக்கை வைத்துக்கொண்ட காலத்தின் எச்சம். வரி சொற்பமாகிவிட்ட இந்நாளிலும் ஜமாபந்தி நடக்கிறது. மனு கொடுக்கத்தான் போகிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகான கதையில் முதல் பாயிண்ட், உணவு. 1960களின் நடுவில் வறட்சி, அமெரிக்கக் கோதுமைக் கப்பல், அப்புறம் ஐஆர் 8 நெல், யூரியா, பம்புசெட். இதைப் பலர் எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு அது கொண்டுவந்தது ரெண்டாவது போகமும் போர்வெல்லும்.

மூலப்பொருளுக்கு நெல்லிக்குப்பம் ஒன்றே போதும். 1842-ல் அங்கே சர்க்கரை ஆலை வந்தது, நாட்டின் முதல் நவீன சர்க்கரை ஆலை என்பார்கள். கரும்பு அன்றிலிருந்து இந்த மாவட்டத்தில் இருக்கிறது. என் சித்தப்பாவும் கரும்பு போட்டவர், வேறொரு ஆலைக்கு. பெயர் வேண்டாம். கரும்பு வாங்கின 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. சித்தப்பாவுக்கு இரண்டு பொங்கல் தாண்டிப் பணம் வந்தது, அதுவும் தவணையில். இடைப்பட்ட காலத்தில் அவர் வாங்கின கடனுக்கு வட்டி கட்டினார். ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர், ஊர்க் கணக்கில் கடன்காரர்.

இன்னொரு மூலப்பொருள் தண்ணீர். பாடத்தில் அது இல்லை. பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரி, அவன் பட்டப்பெயரில் வீரநாராயணன் ஏரி. 74 மதகு இருந்தது என்பார்கள். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீர், காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல்லுக்கு. 2004 முதல் குழாயில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னைக்குக் குடிக்கவும் போகிறது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் யார் மறுப்பார்கள்? நெய்வேலியில் மண்ணுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி, அதற்காக மேலே இருந்த ஊர்கள் எழுந்து போயின. சென்னையில் சுவிட்சைத் தட்டுகிறவர் கணக்கில் அது மின்சாரத் துறை. முந்திரிக்கொல்லையாக இருந்த காலம் எந்தக் கணக்கிலும் வராது.

இதோடு எங்கள் பலாமரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் வரப்பில் இருந்த பன்னிரண்டு பலாவில் பதினொன்று வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்தவை. ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று எது வந்தாலும் அந்த வருஷத்துப் பலாவைக் குத்தகைக்கு விட்டுச் சமாளித்த குடும்பம். விழுந்த மரங்களை வந்த விலைக்கு வெட்டி விற்றோம். நாட்டு வருமானக் கணக்கில் மரம் விற்ற காசு உற்பத்தியாக ஏறும். அறுபது வருஷத்து மரம் போனது அதில் கழிவதில்லை. என் தொழிலில் இப்படி எழுதினால் வேலை போய்விடும்.

இப்போது பாமாயிலுக்கு வருகிறேன்.

சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி கரைகிறதே என்று 1986-ல் மத்திய அரசு எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. நல்ல விதை, நல்ல விலை, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் உருவான ரகங்கள் கொல்லைக்கு வந்தன. கேட்டால் அம்மா இன்றைக்கும் 'டி.எம்.வி. ஏழு', 'வி.ஆர்.ஐ. ரெண்டு' என்று பேரப்பிள்ளைகள் பெயர் மாதிரி சொல்வாள். 90களின் தொடக்கத்தில் நாடு ஏறக்குறைய தன் எண்ணெயைத் தானே எடுத்துக்கொண்டது. நான் கல்லூரிக்குப் போனது அந்த விலையில்தான். காணிக்கு இத்தனை மூட்டை, மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று அப்பா வைத்திருந்த நீள நோட்டில், 'பையன் பீஸ்' என்ற வரி ஜிப்சத்துக்கும் டீசலுக்கும் நடுவில் இருக்கிறது. (காணி என்றால் நூறு குழி, 1.32 ஏக்கர்.) இதுவும் புதிதில்லை. பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. விளைச்சல்தான் அன்றைக்கும் பீஸ் கட்டியிருக்கிறது.

1994-ல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அடுத்தடுத்து வரியும் இறங்கியது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் எண்ணெய்ப் பனை வருஷம் முழுக்கக் காய்க்கும். ஏக்கருக்கு அது தருகிற எண்ணெயோடு மானாவாரி மல்லாட்டை எந்த நாளும் போட்டி போட முடியாது. இன்றைக்கு நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. நகரத்தில் எண்ணெய் விலை ஏறினால் அது தலைப்புச் செய்தி, அரசுக்குத் தலைவலி. கமிட்டியில் மல்லாட்டை விலை இறங்கினால் அது உள்பக்கத்தில் இரண்டு வரி. நான் இப்போது அந்த நகரத்தில் இருக்கிறேன். எண்ணெய் மலிவாக இருப்பதால் என் வீட்டு பட்ஜெட் தப்பிக்கிறது. அந்த மலிவில் ஒரு பங்கை அம்மா கட்டுகிறாள், அப்புறம் அதே மலிவில் தானும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்கிறாள். சாமர்த்தியமா பரிதாபமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டுமில்லை, விற்ற விலைக்கும் வாங்கின விலைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

நாட்டின் உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 1950-51-ல் பாதிக்கு மேல், இப்போது ஆறில் ஒன்று என்ற அளவில். வளர்ந்த நாடுகளில் எல்லாம் இப்படித்தான் இறங்கியது, அது நல்லதுதான் என்பார்கள். அங்கே ஆட்களும் கூடவே இறங்கினார்கள். இங்கே 2023-24-லும் உழைப்பவர்களில் 46 சதவீதம் வயலில். 2018-19-ல் 42.5 ஆக இருந்த அந்த எண் 2020-21-ல் 46.5 ஆக ஏறியது. பாடப்புத்தகத்து அம்பு ஒரு பக்கம்தான் போகும், கொரோனா அதைத் திருப்பிவிட்டது. அந்த நாலு சதவீதத்தில் என் தம்பியும் ஒருவன். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து பெண்டாட்டி, கைக்குழந்தையோடு வந்து இறங்கினான். அம்மா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கிழக்குக் கொல்லையில் உளுந்து போடச் சொன்னாள். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி மொத்தமாகச் சுருங்கியபோது விவசாயம் வளர்ந்தது என்று புள்ளிவிவரம் வந்தது. வீட்டுக்குத் திரும்பின ஆட்களுக்கு ஒரு வருஷம் சோறு போட்டதற்கு எந்தப் பாயிண்டில் மார்க் என்று மகளைக் கேட்டேன். "சிலபஸ்ல இல்லப்பா" என்றாள்.

இந்தக் கட்டுரைக்காக அம்மாவிடம் கணக்கு கேட்கலாம் என்று போன வாரம் போன் செய்தேன். காணிக்கு இருபத்தேழு மூட்டை காய். விதை, உழவு, ஜிப்சம், மருந்து, பிடுங்கு கூலி, ஆய கூலி, வண்டி வாடகை எல்லாம் வரிசையாகச் சொன்னாள், மறதியில்லை.

"உன் கூலிம்மா?"

"எனக்கு எவன்டா கூலி குடுப்பான்?"

அரசு ஆதார விலை போடும்போது குடும்ப உழைப்புக்கும் ஒரு தொகை வைத்துத்தான் செலவைக் கணக்கிடுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். நூற்றைந்து நாள், ஒரு நாளைக்கு அரைக் கூலி என்று வைத்தாலே மிச்சம் என்று நீ சொல்வதில் முக்கால்வாசி உன் கூலிதான் என்றேன்.

"சரி, எழுதிக்க. எழுதிட்டு அனுப்பி வையி, வாங்கிக்கிறன். இருடா, மேக்க கறுக்குது. காயெல்லாம் களத்துல கெடக்குது."

போனை அணைக்கவில்லை, எங்கேயோ வைத்துவிட்டாள். தார்ப்பாயை இழுக்கும் சத்தம் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டாள். "அந்த முனையப் புடி. அங்க இல்லடா, காத்து இந்தாண்டதான் அடிக்குது." அப்புறம் தார்ப்பாயின் மேல் தூறல் விழ ஆரம்பித்தது.